வெட்டிய துண்டு

கம்பியூட்டரில் பாட்டு வெட்டும் என் தொழிலில் எனக்குப் பிடிக்காத பேச்சு ஒன்று உண்டு: "சும்மா வெட்டித் தாங்க." சும்மா வெட்டுகிறவர்கள் புளியந்தீவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை.

டினுஷா வந்தது அவளுடைய கல்யாணத்துக்கு முதல் நாள். மாப்பிள்ளை பிறின்ஸ் மண்டபத்துக்குள் நுழையும்போது போடுவதற்குத் தானே ஒரு பாட்டுப் பாடிப் போனில் பதிந்திருந்தாள். பதிந்த மறுநாளே தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது; திரும்பப் பாட வழியில்லை. பாட்டு அருமை. முடிவில்தான் வினை. கடைசி வரியைப் பாடி, மூச்சு விட்டு, பக்கத்தில் இருந்த தங்கச்சியிடம் சொல்கிறாள்: "பிறின்ஸ்ட அம்மாட மீன் ஆணத்தில உப்பும் இல்ல, புளியும் இல்ல. ஆயுசுக்கும் அதத்தான் தின்னணும் போல."

"கேதீஸ் அக்கா, மாமி இதக் கேட்டா நான் அந்த வீட்டுக்குள்ள எந்த முகத்தோட போறது?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்டும் ரதீஸ் ஏற்கெனவே போனிலேயே வெட்டிப் பார்த்திருக்கிறான். குரல் கரகரத்து, 'ச' வருகிற இடமெல்லாம் இரைந்தது. இரையாமல் என்ன செய்யும்? எம்.பி.3 என்பதே பிழிந்து சுருக்கிய ஒலி. அதை விரித்து, வெட்டி, மறுபடி சேமித்தால் இன்னொரு தரம் பிழிகிறது. மூன்றாம் பாலில் சொதி வைத்த கதைதான்.

"விரிக்காமலே வெட்டணும் புள்ள," என்றேன். "வயல் வட்டைக்குள்ள ஒரு துண்டப் பிரிக்கிற எண்டா வரம்போட பிரிக்கிறம். நட்ட வயலக் கிண்டுறல்லயே. பாட்டும் சின்னச் சின்னத் துண்டாத்தான் அடுக்கிக் கிடக்கு. துண்டும் துண்டும் சேருற இடத்தில வெட்டினா ஒண்டும் கெடாது."

அவள் மூச்சு விட்ட இடத்தில் அப்படி ஒரு வரம்பு கிடைத்தது. வெட்டினேன். மறுபடி பிழிகிற பேச்சே இல்லை. பாட்டு பாடினபடியே இருந்தது. ஆனால் இந்த முறையில் வெட்டினால் வெட்டுப்பட்ட வாலும், அந்த ஆணப் பேச்சும், தனிக் கோப்பாக அப்படியே நிற்கும். இரண்டையும் அவளுடைய பென்டிரைவில் போட்டு, "கேட்டுப் பாத்திட்டு வாலை அழிச்சிரு," என்றேன். "ஓம் அக்கா," என்று தலையாட்டினாள். கல்யாணப் பெண்ணின் தலையாட்டலை யாராவது நம்புவார்களா? நான் நம்பினேன்.

மறுநாள் மண்டபம் நிறையச் சனம். பிறின்ஸ் நுழைந்தான், பாட்டு எழும்பியது. எழுத்துக்கு எழுத்து சுத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். பாட்டு முடிந்தது. ரதீஸின் பாட்டுப் பெட்டி தன்பாட்டில் பென்டிரைவில் இருந்த அடுத்ததை எடுத்தது.

உப்பும் இல்லை, புளியும் இல்லை. மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது.

டினுஷா பூச்செண்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். முன்வரிசையில் இருந்த மாமியார் மார்கிறட் எழும்பினார்.

"இத வெட்டினது ஆரு?"

ரதீஸைக் காட்டியிருக்கலாம். ஆனால் அவ்வளவு சுத்தமான வெட்டை அவன் பெயரில் விட எனக்கு மனம் வரவில்லை. கையைத் தூக்கினேன்.

"எனக்குக் காது மந்தம். ஆனா ஒரு சொல்லும் தவறாமக் கேட்டிச்சு," என்றார் மார்கிறட். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "எனக்குப் பிறசர் புள்ள. உப்பக் குறைக்கச் சொன்னது டொக்டர்."

டினுஷா மெல்ல முகத்தைத் தூக்கினாள்.

"புளி என்ட பிழைதான். நாளைக்கு ஆணத்த நீ ஆக்கு."