மருந்து ஏறிய மரத்தூள்

டாக்டர் சிவநேசனை எப்படிக் கவிழ்ப்பது என்று துளசி வெகுநாள் யோசித்தாள். கடைசியில் வழியை அவரே திறந்துவிட்டார்.

செபராங் ஜெயா நகரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் அவள் முன்பு வேலை செய்தாள். ரப்பர் மரத்தூளை எரிசாராயத்தில் போட்டுச் சூடாக்கினால் மரத்தைப் பிணைத்திருக்கும் பொருள் எண்ணெயாகப் பிரியும். பலகை ஒட்டும் பசைக்கு அது உதவும். மிஞ்சும் சக்கையை நீராவியில் வாட்டி, வரும் வாயுவை நிக்கல் நிரப்பிய குழாய் வழியே விட்டால் ஹைட்ரஜன். இந்த முறையைக் கண்டுபிடித்தவள் துளசி.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சிவநேசன் காப்புரிமையைத் தன் பெயரில் மட்டும் பதிந்துகொண்டார். அம்மாவின் காரியம் முடிந்து திரும்பியவளுக்கு வாசல் கார்டு வேலை செய்யவில்லை. அவர் வெளியே வந்தார்.

"அடுப்பு என்னோடது, சட்டி என்னோடது. குழம்பு மட்டும் உன்னோடதா, துளசி?"

அன்று அவரிடம் சொல்லத்தான் ஒரு விஷயத்தோடு வந்திருந்தாள். சோதனைகளில் எல்லாம் அப்போதே அறுத்த பச்சை மரத்தின் தூளைத்தான் போட்டிருந்தார்கள். நாற்காலி மேசை செய்கிற ஆலைகளோ பூச்சி அரிக்காமல் இருக்க மரத்துக்கு மருந்து ஏற்றுகின்றன. அந்த மருந்தின் உப்பு நிக்கலைக் கெடுத்துவிடும். தூளை முதலில் கழுவ வேண்டும். சொல்லாமலே வீடு திரும்பினாள்.

பிறகு அவள் ஒரு பசைக் கம்பெனியில் சேர்ந்தாள். சிவநேசன் தான் தொடங்கவிருந்த ஆலைக்குப் பங்குதாரர் தேடி அதே கம்பெனிக்கு வந்தார். முறையைச் சோதித்துப் பார்க்க மேலாளர் இக்மல் துளசியைக் கூப்பிட்டார். அங்கே வேலை செய்ததையும் விலக்கப்பட்டதையும் அவள் மறைக்கவில்லை. "அப்படின்னா உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது," என்றார் அவர்.

சோதனை நாளன்று சிவநேசனின் கூடத்து வாசலில் துளசி காரிலிருந்து மூட்டைகளை இறக்கச் சொன்னாள். மேசை ஆலையின் தூள்.

"நாளைக்கு நமக்கு வரப்போறது இதுதான், டாக்டர். இதையே போடுங்க."

இக்மல் பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசனால் மறுக்க முடியவில்லை. காலையில் ஹைட்ரஜன் நன்றாக வந்தது. அவர் சிரித்துப் பேசினார். மதியத்துக்குள் வாயுவை அளக்கும் மானியின் முள் இறங்கத் தொடங்கியது. சூட்டைக் கூட்டினார், நீராவியைக் கூட்டினார். முள் படுத்துவிட்டது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதைத் துளசி நின்று ரசித்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் பின்னாலேயே வந்தார்.

"உனக்கு முன்னமே தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லத்தான் வந்தேன். கார்டு கதவைத் திறக்கல."

பங்குதாரர் கிடைக்காமல் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. இக்மலின் கம்பெனி இயந்திரங்களையும் காப்புரிமையையும் வாங்கித் துளசியிடம் ஒப்படைத்தது. சிவநேசனுக்குப் பணம் கொடுக்கும் முன் அவள் ஒரே நிபந்தனை வைத்தாள்: முறை யாருடையது என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்தார், தரையைப் பார்த்தபடி சொன்னார். "கேக்கல டாக்டர்," என்றாள். இன்னொரு முறை சொல்லவைத்தாள்.

தூளைக் கழுவிப் போட்டதும் ஹைட்ரஜன் தடையில்லாமல் வந்தது.

ஆனால் கூடம் மூடியதில் அஃப்ரீனுக்கும் வேலை போயிருந்தது. துளசிக்குப் பக்கத்து மேசைக்காரி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சோறு கொண்டுவந்தவள். துளசி அவளைத் தேடிச் சூலியா தெருவில் அவள் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள்.

"புது ஆலைக்கு வா, அஃப்ரீன். உனக்கு இடம் வச்சிருக்கேன்."

அஃப்ரீன் தட்டில் குழம்பை ஊற்றினாள். "தூளைக் கழுவணும்னு எனக்காவது சொல்லியிருக்கலாம். அவரை அடிக்கிறப்ப நானும் பக்கத்துல நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

துளசிக்குத் தெரியும். அஃப்ரீன் பெயரை நினைத்துப் பார்த்து, நினைத்த பிறகுதான் மூட்டைகளைக் காரில் ஏற்றியிருந்தாள். அதை அவளிடமே சொன்னாள்.

அஃப்ரீன் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம் என்ன வேண்டும் என்று கேட்கப் போனாள்.