முடிவு மனதைத் தொட்டது

கோட்டைக் காவலர் காளியண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடியோ கேமில் அவரைப் பலமுறை முதுகில் குத்தப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. முகம் சாந்தமாக இருந்தது.

ஈட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கச் சொன்னேன்.

"ராஜவேங்கைங்கிறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

அது நான் விளையாடும்போது வைத்துக்கொள்ளும் பெயர். சொந்தப் பெயர் பாலதண்டாயுதம். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கடையில் பில் போடுகிறேன். வேலை முடிந்து வந்ததும் கேம் விளையாடுவேன். வாரக் கடைசியில், விளையாடியவற்றைப் பற்றி ஓர் இணையக் குழுவில் எழுதுவேன். குழுவில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

என் மனைவி சுகந்தி எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். அவர் கவசத்தோடு உட்கார்ந்திருந்ததால் சோபா முனகியது.

"சக்கரை போதுங்களா?" என்று கேட்டாள்.

"போதும் அம்மிணி. எங்க கோட்டையில டம்ளர் வரைஞ்சு வெச்சிருக்காங்க. உள்ள ஒண்ணும் ஊத்தல."

விளையாட்டில் அவர் பேசுவது இரண்டே வாக்கியங்கள். "யாரது?" என்பது ஒன்று. "காத்தா இருக்கும்" என்பது இன்னொன்று. வீட்டில் தாராளமாகப் பேசினார்.

"போன வாரம் நீங்க எழுதினதை எங்க கோட்டையில எல்லாத்தையும் நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டுனாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

போன வாரம் நான் மூன்று விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். விவசாய விளையாட்டு மனதுக்கு அமைதி தருகிறது என்று எழுதினேன். அதில் தக்காளி நாற்று நட்டேன். தண்ணீர் விடுவதற்குள் சலித்துவிட்டது. பஸ் ஓட்டும் விளையாட்டில் பிரேக் தத்ரூபம் என்று எழுதினேன். பஸ்ஸைக் கிளப்பியதோடு சரி. கோட்டை விளையாட்டு நடுவில் கொஞ்சம் இழுவை, ஆனால் முடிவு மனதைத் தொட்டது என்று எழுதினேன். அதில் நான் வெளிவாசலைத் தாண்டவில்லை.

நான் எந்த விளையாட்டையும் முடித்ததில்லை. எழுதுவதற்கு அது ஒருபோதும் தடையாக இருந்ததும் இல்லை.

"முடிவுக்குப் போவோணும்னா என்னையத் தாண்டித்தானுங்க போவோணும்," என்றார் காளியண்ணன். "வேற வழி கெடையாது. நீங்க எப்பப் போனீங்க?"

"போனேங்க."

"எப்பன்னுதான் கேக்கறேன். டூட்டியில தூங்கிட்டனான்னு மேல கேக்கறாங்க. நின்னபடி ஒரு நாளும் கண்ண மூடுனதில்லீங்க நானு. பாதாளச் சிறைக்கு மாத்திருவாங்களாம். அங்க எலிக்குக்கூட தனித்தனியாப் பேரு வெச்சிருக்காங்க. காளியண்ணன்னு இருந்தும் எனக்கு அங்க காவலர் ரெண்டுன்னுதான் பேரு."

நான் காபியைக் குடித்தேன்.

"அது போவுது உடுங்க," என்றார். "எம் பொண்ணு விசயந்தான்."

அவர் மகள் பெயர் கோகிலவாணி. அவள்தான் முடிவு. கோட்டையின் கடைசி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவள் வேலை. யாராவது அதுவரை வந்துசேர்ந்தால் எழுந்து நிற்க வேண்டும். இதுவரை யாரும் வந்ததில்லை. எல்லோரும் பாதியில் விட்டுவிட்டு எழுதப் போய்விடுகிறார்கள்.

"அவ சாப்புடப் போயிருந்த நேரம் பாத்து நீங்க வந்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டா. அதுலேர்ந்து சாப்புடவே எந்திரிக்கறதில்லீங்க. மறுபடி யாராச்சும் வந்துட்டா என்னப்பா பண்றதுங்கிறா."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் டம்ளருக்குள் பார்த்தேன்.

"கெளம்புங்க," என்றாள் சுகந்தி. "நானும் வர்றேன். மனசைத் தொட்ட முடிவு எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

தெருமுனையில் ஒரு பஸ் நின்றிருந்தது. நான் கிளப்பிவிட்டுப் பாதியில் விட்ட அதே பஸ். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் அதே இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் இருந்த வாழைப்பழம் கறுத்துப்போயிருந்தது.

முன் சீட்டில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எழுதுனதைப் படிச்சோம். நல்லா இருந்துச்சு. இப்ப வண்டிய எடுங்க."

எடுத்தேன். எது பிரேக் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ, "தத்ரூபம்னாங்களே," என்றார். கோட்டைச் சுவர் வந்ததும் பஸ் நின்றது. சுவர் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. பயணிகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

காளியண்ணன் இறங்கி வாசலில் தன் இடத்தில் போய் நின்றார். ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தார். முகம் மாறிவிட்டது.

"யாரது?"

"நாங்கதாங்க. ஒண்ணாத்தானே வந்தோம்," என்றேன்.

"யாரது?"

"ராஜவேங்கை."

குத்தினார். பெரிதாக வலிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"மறுபடியுமா?" என்றாள் முன் சீட்டுப் பெண்.

இடது பக்கமாகப் போனேன். குத்தினார். செடிக்குப் பின்னால் பதுங்கிப் போனேன். குத்தினார். ஓடினேன். நடந்தேன். பின்பக்கமாக நடந்தேன். ஒவ்வொரு முறையும் குத்துவதற்கு முன் கண்ணால் மன்னிப்புக் கேட்டார். வாயால் கேட்க அவருக்கு அந்த இடத்தில் அனுமதி இல்லை.

சுகந்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி நேராக வாசலுக்குப் போனாள்.

"யாரது?"

"சுகந்திங்க. உங்க பொண்ணப் பாக்க வந்திருக்கேன்."

காளியண்ணன் அவள் தலைக்கு மேலே தூரத்தில் எங்கோ பார்த்தார்.

"காத்தா இருக்கும்," என்றார். அவள் உள்ளே போய்விட்டாள்.

"நீங்களும் உங்க பேரைச் சொல்லிப் பாருங்களேன்," என்றாள் முன் சீட்டுப் பெண்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. சொந்தப் பெயரில் நான் எந்த விளையாட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. ஆனாலும் போய்ச் சொன்னேன். காளியண்ணன் சற்று யோசித்தார். பெயர் நீளமாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

"காத்தா இருக்கும்," என்றார்.

உள்ளே ஒரு நீண்ட நடைவழி இருந்தது. இருபக்கமும் கொத்தனார்கள் செங்கல் அடுக்கி அதை மேலும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நடக்க நடக்க அதுவும் வளர்ந்தது.

மேஸ்திரி கரண்டியோடு என்னிடம் வந்தார். "இழுவை போதுங்களா, இன்னும் வேணுங்களா?"

"போதுங்க."

"நடுவுல இழுவைன்னு எழுதிட்டீங்க. நடு எதுன்னு சொன்னா அதோட நிறுத்திக்குவோம்."

எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். சுகந்தி எதையும் எழுதாததால் அவளுக்கு அது நாலு எட்டில் முடிந்துவிட்டதாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

கடைசி அறை சின்னதாக இருந்தது. மேலே ஒரு விளக்கு எரிந்தது. சன்னலில் ஒரு சூரியன் பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தது. நடுவில் சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி. அதில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. சுகந்தி தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கோகிலவாணி எழப்போனாள். பாதியில் நின்று கேட்டாள்.

"நீங்க புதுசா வர்றவரா, முன்னாடியே வந்தவரா? முன்னாடியே வந்தவர்னா நான் எந்திரிக்க வேண்டியதில்லைன்னு சொல்லியிருக்காங்க."

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் உதவவில்லை.

"முன்னாடியே வந்தவன்தான்," என்றேன்.

கோகிலவாணி மறுபடி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் இங்க இல்லீங்களா?"

"சாப்பிடப் போயிருந்தீங்க."

"நான்தான் இல்லையே. அப்புறம் எது மனசைத் தொட்டுச்சு?"

நடையில் செங்கல் அடுக்கும் சத்தம் நின்றது. கொத்தனார்களும் கேட்கிறார்கள் என்று புரிந்தது.

"நாற்காலி," என்றேன்.

"நாற்காலியா?"

"காலியா இருந்துச்சு. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி மெத்தை அமுங்கியிருந்துச்சு. பாத்துட்டே நின்னேன்."

சொல்லும்போது அது என் மனதையே தொட்டது. வாக்கியம் நன்றாக அமைந்தால் எப்போதும் தொட்டுவிடும்.

கோகிலவாணி கைகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப நான் இல்லாட்டியும் முடிவு முடிவுதான்."

"நீங்க இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"எவ்வளவு?"

கேம்களைப் பற்றி என்னிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"கண்ணு, பசிக்குதா?" என்றாள் சுகந்தி.

"ரொம்பக்கா."

"வா."

கோகிலவாணி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவருகே திரும்பி என்னிடம், "நாற்காலியைப் பாத்துக்குங்க. யாராச்சும் வந்தா நகத்திராம," என்றாள்.

"எப்ப வருவீங்க?"

"தெரியலீங்க. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் எழுதல."

அவர்கள் போகும் சத்தம் கேட்டது. வாசலில் காளியண்ணன் குரல் வந்தது.

"யாரது?"

"நான்தாம்ப்பா. சாப்பிடப் போறேன்."

அவருக்கு மிச்சமிருந்தது ஒரே வாக்கியம். பெற்ற மகளிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. ஈட்டியைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. மூன்று பேர் நடந்துபோனார்கள். பஸ் கிளம்பி, ஒரே சீராக ஓடி மறைந்தது. சுகந்திக்கு பஸ் ஓட்டத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நான் நாற்காலியைப் பார்த்தபடி நின்றேன். மெத்தை மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் உள்ளே வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் ஹெல்மெட். சட்டை முன்பக்கம் முழுக்க ஈட்டி குத்திய ஓட்டைகள்.

"கேட்ல யாருமே இல்லீங்க," என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "எத்தனை குத்து வாங்கியிருப்பேன். லீவு போட்டுக்கூட வாங்கினேன். இன்னிக்கு வந்து பாத்தா தெறந்து கெடக்குது. இதுதான் முடிவுங்களா?"

"ஆமாங்க."

"ஒருத்தர் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாரு. அதைப் படிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

நான் வழிவிட்டு ஒதுங்கினேன்.

அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். தலைமுடியைச் சரிசெய்தார். பிறகு அசையவில்லை. யாரும் எழுந்து நிற்கவில்லை. எழுந்து நிற்க யாரும் இல்லை. வெகுநேரம் ஆயிற்று.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"சொல்லத் தெரியலீங்க."

"பிரமாதம்னு சொல்லலாங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மனசு கனத்துப்போச்சுன்னு? மறுபடி விளையாடலாம்னு?"

"இல்லீங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் வரல."

என்னிடம் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். கன்னத்தில் ஈரம் இருந்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க," என்றார்.