துளசிராமனின் விமானத்துக்கு மூன்று டிகிரி

1

இந்தக் கதை ஒரு துண்டில் சுற்றியிருந்தது.

காலை பெங்களூர் ரயிலில், என் எதிர் இருக்கைப் பெண் அதை மடியில் வைத்திருந்தாள். கைக்குழந்தை என்றுதான் நினைத்தேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் துண்டு விலகியது. உள்ளே வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள்.

"இன்னாம்மா அது, ஃபிரிட்ஜ் பார்ட்டா?" என்று பக்கத்துப் பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க. ஏரோப்ளேனோட ஆயில் கூலர். உள்ள அடைச்சிக்கினு கெடக்குது. ஆயில் சூடு எறங்கவே மாட்டேங்குது."

"யார் ஏரோப்ளேன்?"

"எங்க மாமாது."

பெரியவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. கேட்கவில்லை. தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. ஆகவே மிச்சத்தை நானே எழுதிக்கொள்கிறேன். அவளுக்கு ஸ்வாதி என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'கோலார் தங்கவயலின் நீலவானில் ஒரு பழைய விமானம்—'

வேண்டாம். விமானம் மேலே போனாலும் நிற்க மாட்டேன் என்கிறது. அதுதான் சிக்கலே.

இரண்டாவது: 'துளசிராமன் சிறுவயது முதலே பறக்கும் கனவு—'

இதுவும் வேண்டாம். அவர் ஆண்டர்சன்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கனவு காண்கிற ஆள் இல்லை. எங்கோ ஒரு பறக்கும் கிளப்பை இழுத்து மூடியபோது, பழைய தகரம் ஏலம் எடுக்கப் போனார். தகரத்தோடு இதுவும் வந்தது. இரண்டு இருக்கை, துணி போர்த்திய இறக்கை, அவரைவிட வயது அதிகம். விற்றுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தார். ஒரு நாள் அதன் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் விற்கிற பேச்சே இல்லை.

மூன்றாவது: "மாமா, கைய எடுங்க."

இது சரி. இங்கிருந்து போகலாம்.

3

"மாமா, கைய எடுங்க. சுடும்" என்றாள் ஸ்வாதி. துளசிராமன் எடுப்பதற்குள் சுட்டுவிட்டது.

ஸ்வாதி அவருடைய அக்கா மகள். பெங்களூரில் ஒரு விமானக் கொட்டகையில் பழுதுபார்க்கும் வேலை. தினமும் ரயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமாவின் விமானம்.

நோய் இதுதான். என்ஜினின் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு கூலருக்கு வர வேண்டும். கூலரில் காற்று பட்டு ஆறித் திரும்ப வேண்டும். மீட்டரில் நூற்றைந்து டிகிரிக்குச் சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் ஆயில் நீர்த்துப்போகும், என்ஜின் தன்னைத்தானே தின்னத் தொடங்கும். விநாயக் என்ற பைலட் ஞாயிறுதோறும் பெங்களூரிலிருந்து வருவார். நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய வெட்டவெளியிலிருந்து கிளம்பி, சுரங்கக் கழிவு மலையான சைனைட் மேட்டைச் சுற்றிவிட்டு உடனே இறங்கிவிடுவார். இறங்கியதும் ஒரே வார்த்தை.

"சார், ஆயில்."

ஊரே வைத்தியம் சொன்னது. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா சத்தியம் செய்யாத குறை. "காத்து வுடுண்ணா. கீழ எங்க வூட்டுக்காரரு வெந்து கெடந்தப்ப இன்னா பண்ணாங்க? காத்து வுட்டுத்தானே ஆற வெச்சாங்க?"

சுரங்க ஊரில் சூட்டுக்கு வேறு மருந்து கிடையாது. துளசிராமன் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து, விமானத்தின் மூக்கு மூடியில் ஒரு ஓட்டை போட்டார்.

[விமான விதிகள் தெரிந்த வாசகருக்கு இங்கே கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஓட்டை போட்டது நானில்லை.]

அடுத்த ஞாயிறு சூடு இன்னும் ஏறியது.

"இன்னா மாமா இது?"

"காத்து போவறதுக்கு."

"போவுது. கூலர் பக்கமே போவாம, நேரா இந்த ஓட்ட வழியா வெளிய போவுது. நீங்க கதவ தெறந்து வெச்சா அது ஏன் சுத்திக்கினு போவும்?"

ஸ்வாதி ஓட்டையை அடைத்தாள். என்ஜினைச் சுற்றியிருந்த சந்துகளில் ரப்பர் பட்டை வைத்து மூடினாள். இனிக் காற்று கூலருக்குள் நுழைந்துதான் வெளியே போக முடியும். கூலரையும் கழற்றி, துண்டில் சுற்றி—

ஆமாம். நான் பார்த்தது அந்தத் திங்கட்கிழமை.

4

இங்கே சுந்தரி வர வேண்டும். துளசிராமனின் மனைவி. முதல் வரைவில் அவளைப் பொறுமையே உருவான பெண்ணாக எழுதியிருந்தேன். இரண்டு வரிக்கு மேல் அவளே தாங்கவில்லை.

சுந்தரி விமானத்தின் இறக்கையில் மிளகாய் காயப்போட்டிருந்தாள்.

"பேத்தமங்களா ரோட்டு தாபாக்காரரு மறுபடி வந்தாரு" என்றாள். "கூரமேல வெச்சி லைட்டு போடணுமாம். தூரத்துலேந்தே தெரியுமாம்."

"அது பறக்குற வண்டி சுந்தரி."

"எங்க பறக்குது? ஏறுது, எறங்குது. கேஜ் மாதிரி." [கேஜ்: சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு. சுந்தரிக்கு விளக்கத் தேவையில்லை, உங்களுக்காக.]

"இந்த ஞாயித்துக்கெழம பாரு."

"பாக்கறேன். நூத்தியஞ்ச தாண்டாம எறங்கிச்சின்னா, நானே முன்சீட்ல ஒக்காந்து வரேன். தாண்டிச்சின்னா திங்கக்கெழம அது தாபாவுக்கு. ஸ்வாதி, நீ சாட்சி."

"என்ன ஏன் அத்த இழுக்கறீங்க?"

"இங்க படிச்சவ நீதானே."

5

'மீட்டரே தப்பாகக் காட்டினால்?' என்ற சந்தேகம் துளசிராமனுக்குப் புதன்கிழமை வந்தது. ஸ்வாதி வேலைக்குப் போயிருந்தாள். விநாயக்குக்குப் போன் போட்டார்.

"கொதிக்கிற தண்ணில விட்டுப் பாருங்க சார். நூறு காட்டணும்."

துளசிராமன் மீட்டரையும், அதன் வால்போல நீண்ட கம்பியையும், நுனியில் இருந்த உணர்குமிழையும் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். சுந்தரியின் பால் குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குமிழை உள்ளே விட்டார். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள்.

தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். [இந்த வரியை நினைவில் வையுங்கள்.] ஊசி தொண்ணூற்றேழில் நின்றது.

"மூணு கொறச்சி காட்டுது" என்றார் துளசிராமன்.

"என்னங்க, என் கண்ணுமுன்னாலதான் பாத்தீங்க. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

மாற்றிப் பேசுகிறவர் இல்லை அவர். கடையிலிருந்து விலை ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, '3 சேர்க்கவும்' என்று எழுதி, மீட்டர் கண்ணாடியில் ஒட்டினார். நேர்மையான வியாபாரி.

6

நினைவில் வைக்கச் சொன்ன வரி தப்பு.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். மூன்றாவது வரைவு வரை எனக்கே உறைக்கவில்லை. கொதிநிலை காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. கடல்மட்டத்தில்தான் நூறு. தங்கவயல் கடலுக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் மேலே. இங்கே தண்ணீர் தொண்ணூற்றேழில் கொதிக்கும். மீட்டர் சரியாகத்தான் சொன்னது.

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஆழம் சொல்வார்கள். எத்தனை லெவல், எவ்வளவு அடி, எங்கே வேகும், எங்கே மூச்சு முட்டும் என்று. நாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாக் கணக்கும் வாசற்படியிலிருந்து கீழ்நோக்கித்தான்.

தங்கவயலில் தண்ணீர் சரியாக நூறில் கொதிக்கும் இடமும் உண்டு. சுரங்க ஷாஃப்டில் தொள்ளாயிரம் மீட்டர் இறங்க வேண்டும். சுரங்கத்தை மூடிவிட்டதால் இப்போது அங்கே தண்ணீர் நிறையவே இருக்கிறது. அடுப்பு வைக்கத்தான் இடமில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை.

அடைப்பு நீக்கிய கூலரோடு விமானம் கிளம்பியது. சைனைட் மேட்டைச் சுற்றியது. இறங்கவில்லை. மறுபடி சுற்றியது. துளசிராமன் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் அது மேலே இருந்ததே இல்லை. தாபாக்காரர் கயிறும் லாரியுமாக நம்பிக்கையோடு வந்து நின்றிருந்தார்.

விநாயக் இறங்கி வந்தார். "சார், நூத்தி நாலு. அதுக்கு மேல ஏறவே இல்ல."

துளசிராமன் வாயைத் திறந்தார். அதற்குள் சுந்தரி சொன்னாள்: "மூணு சேத்துக்கோங்க."

நூற்றேழு.

தாபாக்காரர் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார்.

முதல் முடிவு: ஸ்வாதி ஸ்டிக்கரைப் பார்க்கிறாள். "யாரு மாமா இத ஒட்டினது?" எல்லாம் சுபம். ஆனால் பெங்களூரும் இதே உயரம்தான். பல வருடமாக அங்கே வேலை செய்கிறவள் உடனே கண்டுபிடித்தால் நம்புவீர்களா? கண்டுபிடிக்காவிட்டால்தான் நம்புவீர்களா?

இரண்டாவது முடிவு: தாபா கூரையில் விளக்கு எரிகிறது. எழுதிப் பார்த்தேன். அந்த ரோட்டில் பஸ்ஸில் போக எனக்கே மனம் வராது.

மூன்றாவது: சுந்தரிக்கு எல்லாம் தெரியும். முன்சீட்டுக்குப் பயந்துதான் மூன்றைச் சேர்க்கச் சொல்கிறாள். [இது அநியாயம். அடித்துவிட்டேன்.]

அவர்களை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். துளசிராமன் விமானத்தின் உள்ளே குனிந்திருக்கிறார். அவருடைய கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் இருக்கிறது. கிழிக்க அவருக்கு ஆசை. கிழிக்க ஒரு நியாயம் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. எனக்கோ பேச வராது.

நாளைக்கும் அதே ரயில். அவள் எதிரில்தான் உட்காருவாள். உங்களுக்குக் கூச்சம் இல்லையென்றால், பங்காரப்பேட்டைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்:

"ஏம்மா, உங்க மாமா வூட்ல தண்ணி எத்தனையில கொதிச்சிது?"

அவள் உங்களை விநோதமாகப் பார்ப்பாள். கொஞ்சம் தள்ளி உட்காருவாள். அப்புறம், எனக்குத் தெரியும், அவசரமாகப் போனை எடுப்பாள்.