வாயில் நிற்கும் ஆறாவது வைன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கீழ்வீட்டு சிவமலர் நேற்று மத்தியானம் படியேறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். மட்டக்களப்புக்காரி. மொன்றியலில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பரிமாறுகிறாள். நாங்கள் குடியிருக்கும் செயின்ட்-மிஷேல் பகுதியில் என்னிடம் வந்து தமிழில் கதைக்கிற ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் எது சொன்னாலும் எழுதிவிடுவேன்.

"அண்ணன், என்னால துப்ப ஏலாமப் போச்சு," என்றாள்.

இதைவிட நல்ல முதல் வரி எனக்கு வராது. ஆனாலும் வேறு இரண்டு முயன்றேன்.

2

2007ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தின் பொன்னிற மாலையொன்றில் (இல்லை. அது காலை. மழை வேறு.)

திராட்சையின் வரலாறு என்பது மனிதனின் (எனக்குத் தெரியாத விஷயம்.)

நேரே சொல்கிறேன். உணவகத்தின் முதலாளி கத்தரின். வைன் தெரிவுசெய்து வாங்க அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். சிவமலரும், கூட வேலை செய்கிற திருகோணமலைக் கிறகரியும் அந்த வேலையைக் கேட்டிருக்கிறார்கள். சோதனை இதுதான்: பிரான்சின் பர்கண்டியிலிருந்து வந்த சிவப்பு வைன் ஆறு. எல்லாம் 2005 அறுவடை, இன்னும் இளசு. போத்தல்களில் பெயர் தெரியாமல் கடதாசி சுற்றியிருக்கும். எதை வாங்கிப் பத்து வருடம் வைக்கலாம் என்று ருசி பார்த்துச் சொல்லவேண்டும்.

3

இளம் வைன் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நான் குடித்ததில்லை.

"பாக்கு மெண்ட மாதிரிப் பல்லு முரசு இறுகும். புளிக்கும். அதுக்குள்ள எங்கயோ பழம் ஒளிச்சிருக்கும்."

"அப்ப கூடாத வைனா?"

"இல்ல அண்ணன். அந்தத் துவர்ப்புத்தான் அதைக் காப்பாத்தும். துவர்ப்பு போகேக்க பழம் மிஞ்சுமா எண்டுதான் பாக்கணும். பழம் முந்திப் போனா வெறும் சக்கை."

அதிலிருந்து எனக்கு இதே யோசனை. இன்னும் ஆகி முடியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்? பாதி எழுதிய கதையை வைத்துக்கொண்டு நானும்

[ஒப்பீட்டை இங்கேயே விடுகிறேன். வைனுக்குக் கௌரவக் குறைச்சல்.]

4

மேசை நடுவில் ஒரு வாளி. போதை ஏறாமலிருக்க, வாயில் வைத்துப் பார்த்த வைனை அதில் துப்பவேண்டும். சிவமலர் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரில் பழகியிருந்தாள். ஆனால் வெள்ளை விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசையில், முதலாளியின் முகத்துக்கு நேரே?*

முதலாவதை விழுங்கினாள். கிறகரி பீச்சாங்குழல் மாதிரித் துப்பினான்.

"துப்புங்க அக்கா. கோயில் இல்ல இது."

"நீ உன்ர வேலையைப் பார்."

"நாலாவதுல உங்களுக்குப் பாட்டு வரும்."

"வந்தா உனக்கு ஒப்பாரிதான்."

பாட்டு வரவில்லை, துப்பலும் வரவில்லை. ஆறாவதில் நாவற்பழம் வந்தது. துவர்ப்பு முரசை விட்ட பிறகும் பழம் நாக்கில் நின்றது. இதுதான் என்றாள். ஆறாவது வெறும் புளி, இரண்டாவதுதான் என்றான் கிறகரி.

கத்தரின் சிவமலரின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். "இதைச் சொல்வது உன் நாக்கா, உள்ளே போன வைனா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். கோபம் இல்லை. "நாளைக்கு ஆறாவதிலிருந்து திருப்பித் தொடங்குவோம். இந்த வேலையில் ஒரே காலையில் முப்பது வைன் வரும். துப்பாத ஆளை நான் எடுக்கமுடியாது."

* வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

5

அவள் இருக்கும்போதே மறுநாளை எழுதிவிட்டேன். அதில் அவள் தலை நிமிர்ந்து போய்த் துணிச்சலாகத் துப்புகிறாள். வாசித்துக் காட்டினேன்.

"இது ஆர் அண்ணன்?"

"நீதான்."

"நான் இல்ல. என்ர வெக்கம் உங்களுக்கு ஒரு வரியில போகுதே."

"அப்ப வேலை வேண்டாமா?"

"எட்டு வருசமா மற்றாக்கள் எடுத்த வைனைத்தான் ஊத்திறன். ஒருக்கா நான் எடுத்ததை ஊத்தணும்."

அவள் போனபிறகு வேறு முடிவுகள் தேடினேன். அவள் விழுங்குகிறாள், வேலை கிறகரிக்குப் போகிறது, பத்து வருடம் கழித்து அந்த ஆறாவதைத் திறந்தால் (2017 எனக்கு எப்படித் தெரியும்?). அல்லது, கத்தரின் மனமிரங்கி வாளியைத் திரைக்குப் பின்னால் வைக்கிறாள். இது எனக்குப் பிடித்தது. ஆனால் சிவமலர் இரக்கம் கேட்கவில்லை, வேலைதான் கேட்டாள். வெட்டிவிட்டேன்.

6

இன்று அந்த மறுநாள். நான் இதை எழுதுகையில் அங்கே சோதனை நடந்திருக்கும். என்ன ஆனது என்று தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவை நானே வைக்கலாம் என்ற எண்ணம் நேற்றோடு போய்விட்டது.

வெளியே இரும்புப் படிக்கட்டில் காலடி கேட்கிறது. தபால்காரராகவும் இருக்கலாம். அவளாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு நான் சும்மா இருக்கமாட்டேன், எழுதிவிடுவேன். அதற்குமுன் முடிவை உங்களிடம் தந்துவிடுகிறேன். பிடியுங்கள்.

வெள்ளை விரிப்பு. கைக்கெட்டும் தூரத்தில் வாளி. கிறகரி இன்று பகிடி விடவில்லை. கத்தரின் காத்திருக்கிறாள். சிவமலரின் வாயில் ஆறாவது வைன். முரசு இறுகுகிறது. பழம் இருக்கிறது, நேற்று இருந்த அதே இடத்தில். அவள் சொன்னது சரி. அதைச் சொல்ல வாய் காலியாக வேண்டும். அவள் ஒரு கையால் தலைமயிரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வாளியின் விளிம்பில்