எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இராசேஸ்வரிக்குப் பட்டியல்களோடு பழக்கம் அதிகம். யாருக்குக் கூப்பன், யாருக்குக் கூரைத் தகரம், யாரை வெளியே விடுவது, யாரை விடாமல் வைத்திருப்பது என்று சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில் ஒட்டிய பட்டியல் அத்தனையிலும் விரலை வைத்துத் தேடியவள். நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி வந்து குடியேறிய பிறகும் அது ஓயவில்லை. வீட்டுத்திட்டப் பட்டியல், விதைநெல் பட்டியல், கிணறு துப்புரவாக்கும் பட்டியல் என்று ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டேயிருந்தது. அவள் பார்க்காமல் மிச்சம் கிடந்தது இங்கிலாந்து அரசாங்கத்தின் பட்டியல் ஒன்றுதான். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு தை மாதத்தில் அதையும் பார்த்துவிட்டாள்.

அது கொஞ்சம் வேறு மாதிரியானது. அதில் ஆட்களின் பெயர் இருக்காது, முதலாளிமாரின் பெயர்தான் இருக்கும். பிறநாட்டு ஆட்களை வேலைக்கு எடுத்து, அவர்களுடைய விசாவுக்குப் பொறுப்பு நிற்க எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது என்று அந்த அரசாங்கமே எழுதி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. பெயர், ஊர், தரம், அவ்வளவுதான். அதில் பெயர் இல்லாதவன் கோடீஸ்வரனாக இருந்தாலும் ஒரு ஆளைக் கூப்பிட முடியாது.

அவளைக் கூப்பிட்ட நிறுவனம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். எங்கள் சனத்துக்கு அந்த நாடு முழுவதும் லண்டன்தான், ஆனால் இது லண்டனிலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி ஒரு கடற்கரைப் பட்டினத்தில் இருந்தது. மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் மடத்தில் முந்தி இராசேஸ்வரியோடு வேலை செய்த பெற்றிசியா இரண்டு வருடத்துக்கு முன்னர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். ஆள் தேவை என்றதும் இவளுடைய பெயரைக் கொடுத்தவள் அவள்தான். அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் தொலைபேசியில் இருபது நிமிடம் கேள்வி கேட்டாள். படுக்கையில் கிடக்கும் கிழவரை இடுப்பு நோகாமல் எப்படித் திருப்புவீர் என்றாளாம். வன்னி ஆஸ்பத்திரியில் ஷெல்லுக்கு நடுவே ஆளைத் தூக்கி, கட்டுப்போட்டு, தூக்கின ஆள் கையிலேயே சாகவும் கண்டவளிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது! இராசேஸ்வரி பொறுமையாகப் பதில் சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றினாஸ் என்பவர் ஒரு இணையக் கடை வைத்திருந்தார். பத்து வயதில் முஸ்லிம் சனம் அத்தனையோடும் இயக்கத்தால் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் கிடந்து, இப்போதுதான் ஊருக்குத் திரும்பியவர். அவர்தான் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினார். பெயரைத் தட்டித் தேடியதும் எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போய் நின்றது. நிறுவனத்தின் பெயரும் ஊரும் முதல் தரம் என்ற குறியும் சரியாக இருந்தன. இராசேஸ்வரி அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தரச்சொன்னாள். பிறகு பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய், அடையாள அட்டையைச் செய்வதுபோல இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டுவித்தாள்.

றினாஸ் சிரித்தார். “அக்கா, இது ஒவ்வொரு நாளும் மாத்திற லிஸ்ட். பிளாஸ்டிக் போட்டு என்ன செய்யப் போறீங்க? ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கால் வந்து பாருங்க.”

அவள் தலையாட்டினாள். ஆனால் முகாமில் இருந்த எவருக்கும் மறுபடி போய்ப் பார்க்கிற புத்தி வராது. கிடைத்த கடதாசியை நனையாமல், கிழியாமல், களவு போகாமல் வைத்திருந்தவர்தான் அங்கே தப்பியவர். எங்களுடைய அரசாங்கக் கந்தோர்க்காரர் இன்றைக்கு எழுதி நாளைக்கு வெட்டுவார்கள், வெள்ளைக்காரன் எழுதினால் எழுதினதுதான் என்று அவள் மனதார நம்பினாள்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. விசாவுக்கு வேண்டிய பத்திரங்கள் என்று அந்த இல்லம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு வருவதானால் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும். தகப்பன் உயிரோடு இல்லை என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் இல்லாத தகப்பனை என்ன செய்வது என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.

தவராசா அப்படிப்பட்ட தகப்பன். உழவு இயந்திரம் ஓட்ட வன்னிக்குப் போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டு, தாய் தகப்பன் பெண்சாதி பிள்ளையோடு அகப்பட்டுக்கொண்டவர். கடைசி மூன்று மாதம் இயக்கம் அவரைப் பிடித்துக் காயக்காரரை ஏற்றி இறக்க வைத்தது. எல்லாம் முடிந்து சனம் வெளியே வந்தபோது, ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒளித்துப் பிறகு பிடிபடுவதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று அவரே போய் நின்றார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. மகள் தனுசியாவுக்கு அப்போது நாலு வயது.

இரண்டு வருடமாக அவரைத் தேடி மனுக் கொடுத்துத் திரிந்தவர் தவராசாவின் தகப்பன் நடராசா. மனைவியை முகாமில் பறிகொடுத்தவர். எழுபது வயதில் மகனின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரசாங்க அதிபரின் கச்சேரி, ஆணைக்குழு, செஞ்சிலுவை என்று எந்தக் கூட்டத்தையும் விட்டதில்லை. மாதம் ஒருமுறை சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, புருஷன் கடிதம் போட்டாரா என்று இராசேஸ்வரியை விசாரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகும் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பாள். கிழவருக்கோ அது நல்ல சகுனம். அவர்களே தேடுகிறார்கள் என்றால் மகன் எங்கேயோ இருக்கிறான் என்பது அவருடைய கணக்கு.

காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கப் புதுச் சட்டம் வந்திருந்தது. கந்தோரில் வலியக் கூப்பிட்டே கொடுத்தார்கள். ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் வேண்டாம் என்று திரும்பி வந்தவர்கள், இராசேஸ்வரியும் அவர்களில் ஒருத்திதான். இப்போது தானாகப் போய்க் கேட்கவேண்டும். மகளைக் கிழவரோடு விட்டுவிட்டுப் போகலாமே என்று முதியோர் மடத்தில் ஒருவர் சொன்னார். அந்த இரண்டு பேரும் வந்து போகிற வீட்டில் ஒரு பெண்பிள்ளையை விட்டுவிட்டா? போனால் தாயும் மகளுமாகப் போவது, இல்லையென்றால் இங்கேயே கிடந்து பயந்து சாவது என்று முடிவெடுத்தாள்.

மாமனாரிடம் சொன்னாள். மூன்று நாள் அவர் தன்பாட்டில் இருந்தார். சாப்பாட்டைப் போட்டு வைத்தால் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார், வயலுக்குப் போனார். நாலாம் நாள் காலையில் அந்தக் கடதாசியைக் காட்டு என்றார். பிளாஸ்டிக் ஒட்டிய பக்கத்தை அவள் கொண்டுவந்து நீட்டினாள். அவருக்கு இங்கிலீசு வாசிக்க வராது. அவள் காட்டிய வரியில் விரலை வைத்தபடி கேட்டார்.

“இதிலை அவங்கட பேர் கிடக்கோ?”

“ஓம் மாமா.”

“அழிபடாதோ?”

றினாஸ் சொன்னது அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனாலும் அவள், “வெள்ளைக்காரன்ர கவண்மேந்து மாமா, அழிபடாது” என்றாள்.

வெள்ளிக்கிழமை மாமனாரும் மருமகளும் நானாட்டான் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். பதிவாளர் பாலசிங்கம் நல்ல மனிதர், கதிரை கொடுத்து இருத்தினார். படிவத்தில் இறந்த திகதி என்று ஒரு கட்டம் இருந்தது. கடைசியாகக் கண்ட திகதியைப் போடச்சொன்னார்.

“அண்டைக்கு அவர் உயிரோடை நிண்டவர் ஐயா. பஸ்ஸிலை ஏறிக் கையும் காட்டினவர்.”

“விளங்குது பிள்ளை. திகதி இல்லாமல் பதிய ஏலாது.”

தவராசா கை காட்டிய நாளை, அவர் செத்த நாளாக அவளே தன் கையால் எழுதினாள். அதற்குக் கீழே, இதை நானும் அறிவேன் என்று தகப்பன் ஒப்பமிட்டார்.

மகனைத் தேடித் தாருங்கள் என்று கொடுத்த மனு இரண்டு வருடமாக ஒரு மேசையை விட்டு அசையவில்லை. செத்துவிட்டார் என்று கொடுத்த மனு பன்னிரண்டு நாளில் சான்றிதழாகி வந்து நின்றது. என்ன சுறுசுறுப்பு! அந்தப் புலனாய்வுக்காரர் இரண்டு பேரும் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சான்றிதழ் வந்த அன்று நடராசா தலையை மழித்துக்கொண்டார். கடதாசியில் செத்தவனை வீட்டில் உயிரோடு வைத்திருக்க முடியாது என்றார். அடுத்த நாள் திருக்கேதீச்சரத்துப் பாலாவிக் கரையில் மகனுக்குச் செய்யவேண்டியதை எல்லாம் முறைப்படி செய்தார். மகன் தகப்பனுக்குச் செய்கிற காரியத்தைத் தகப்பன் மகனுக்குச் செய்வதைப் பார்க்க முடியாமல் ஐயரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இராசேஸ்வரி கரையில் இருந்து வாய்விட்டு அழுதாள். இரண்டு வருடமாக அழாததை எல்லாம் அழுதாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட தனுசியா தாயைப் பார்த்து, “அம்மா, பொட்டு வைக்க மறந்திட்டியள்” என்றாள்.

அந்தக் கிழமையே சான்றிதழை அனுப்புவதற்காக இராசேஸ்வரி றினாஸின் கடைக்குப் போனாள். முதல்முறை பெயரைப் பார்த்ததிலிருந்து ஐந்து கிழமை ஆகியிருந்தது. அனுப்புவதற்கு முன்னர் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று றினாஸ் பட்டியலைத் திறந்தார். பெயரைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. எழுத்துப் பிழையாக்கும் என்று மறுபடி தட்டினார். பிறகு எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கே போய் ஒவ்வொரு வரியாக இறங்கினார். முந்தி அந்த இல்லத்துக்கு மேலே இருந்த நிறுவனமும் கீழே இருந்த நிறுவனமும் இப்போது அடுத்தடுத்து நின்றன. கோடு போட்டு வெட்டிய அடையாளம்கூட இல்லை.

பெற்றிசியாவுக்கு அங்கிருந்தே அழைப்பு எடுத்தார்கள். அவள் அழுதபடிதான் கதைத்தாள். இல்லத்தின் அனுமதியைப் பறித்துவிட்டார்களாம், முதலாளி ஏதோ பொய்க் கணக்குக் காட்டினானாம், அறுபது நாளுக்குள் வேறு இடம் தேடாவிட்டால் அவளும் மூட்டை கட்டவேண்டுமாம். உனக்குச் சொல்ல முகம் இல்லாமல் இருந்தேன் என்றாள். இராசேஸ்வரி அவளைத் திட்டவில்லை.

“எண்டைக்குத் தம்பி அழிச்சவங்கள்?” என்று மட்டும் றினாஸைக் கேட்டாள்.

வேறு ஆட்களுக்காக அந்தப் பட்டியலை அடிக்கடி கணினியில் இறக்கி வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. பழைய பிரதிகளைத் திறந்து பார்த்தார். தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம், ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

“செவ்வாய்க்கிழமை இருந்திருக்கு அக்கா. வியாழன் இல்லை.”

எந்தச் செவ்வாய் என்று கேட்டாள். அவர் திகதியைச் சொன்னார். அவள் நானாட்டானில் படிவம் நிரப்பியது அதே கிழமை வெள்ளிக்கிழமை. ஒரு நாள் முன்னர் இந்தக் கடைக்கு வந்திருந்தால், பத்து நிமிடம் இந்தக் கதிரையில் இருந்திருந்தால், தவராசாவை அவள் சாகக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அவள் திகதியை மறுபடி ஒருதரம் சொல்லச்சொன்னாள். றினாஸ் ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்து கொடுத்தார். அவள் வாய் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நானாட்டானில் இறங்கி நேரே பாலசிங்கத்திடம் போனாள். சான்றிதழை மேசையில் வைத்து, இது வேண்டாம் ஐயா, வெட்டிவிடுங்கள், பிழையாக எழுதிவிட்டேன் என்றாள். அவர் சான்றிதழை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

“வெட்டச் சட்டத்திலை இடம் கிடக்கு பிள்ளை. ஆள் உயிரோடை வந்தால் அண்டைக்கே வெட்டலாம். அவரை நேரிலை கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அவர் நக்கலாகச் சொல்லவில்லை, சட்டம் அப்படித்தான். அப்படியென்றால் அவரைத் தேடித் தரச்சொல்லி மறுபடி மனுக் கொடுக்கிறேன் என்றாள் இராசேஸ்வரி. மரணம் பதிந்த ஆளுக்கு எந்த இடத்திலும் முறைப்பாடு எடுக்கமாட்டார்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது நடராசா கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மழித்த தலையில் நரைமயிர் குத்திக் குத்தி முளைத்திருந்தது. அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பெயர் போனது, போன நாள், பட்டியல் நாளுக்கு நாள் மாறும் என்று முன்னரே தெரிந்தும் அழிபடாது என்று தான் சொன்னது, பாலசிங்கம் சொன்னது எல்லாவற்றையும் நின்றபடி சொல்லி முடித்தாள். அவர் திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றாள்.

கிழவர் வாளியைக் கீழே வைத்தார்.

“அவங்கள் தங்கட பேரை அழிச்சுப்போட்டாங்கள். நீயும் கடதாசியைக் கிழிச்சுப்போடலாம். நான் அவனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சுப்போட்டன், பிள்ளை. அதை எந்தக் கந்தோரிலை போய் அழிக்கிறது?”

அவளைக் குற்றம் சொல்ல அவர் அதைக் கேட்கவில்லை. படித்தவள், பட்டியல் பார்த்தவள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார், பதிலுக்காகக் காத்துக்கொண்டும் நின்றார்.