உள்ளே நாற்பத்தேழு டிகிரி

கணவன் இறந்த இருபத்திரண்டாம் நாள் அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டினாள். பசி, தூக்கம், கோபம் எதுவும் ஒழுங்காக வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது.

மேசையில் அவன் கடைசியாகச் செய்து அனுப்பிய பொடி காத்திருந்தது. தாரில் கலந்தால் அது வெயிலின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சாலை இளகாது, லாரிச் சக்கரம் பள்ளம் போடாது என்று அடித்துச் சொன்னவன் அவன். ஆறு வருடம் அதையே கட்டிக்கொண்டு மாரடித்தான். தேறினால் அதை வைத்துச் சாலை போடுவார்கள். தேறாவிட்டால் அத்தனை உழைப்பும் குப்பைக்குத்தான்.

எல்லாத் தார்க்கட்டிக்கும் செய்வதுபோல, பொடி கலந்த கட்டியையும் அறுபது டிகிரிப் பெட்டிக்குள் நான்கு மணி நேரம் வைத்துவிட்டு அதன்மேல் சோதனைச் சக்கரத்தை ஓட்டினாள். இருபதாயிரம் நடை. பள்ளம் மூன்று மில்லிமீட்டர். ஆறு வரைக்கும் தேர்ச்சிதான்.

"அண்ணன் ஜெயிச்சிட்டாரு அண்ணி!" கொழுந்தன் முடிவுப் படிவத்தை எடுத்து நீட்டினான். அந்த ஆய்வகத்தின் பொறுப்பாளனும் அவன்தான். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அதே நான்கு மணி நேரம் சூடேறிய இன்னொரு கட்டியில் துளை போட்டு வெப்பமானியைச் செருகினாள். உள்ளே நாற்பத்தேழு. சூட்டை விழுங்குகிற பொடிக்கு நான்கு மணி நேரம் எந்த மூலைக்கு? பெட்டிதான் கொதித்தது, கட்டி கொதிக்கவே இல்லை.

"விட்டுடுங்க அண்ணி. ரூல்ல நாலு மணி நேரம்னுதானே இருக்கு? அவர் பேர் சொல்ல ஒரு ரோடாவது இருக்கட்டுமே."

"வெயில் நம்ம ரூலைப் படிச்சிட்டா அடிக்கும் தம்பி?"

மறுநாள் புதுக் கட்டியைப் பத்து மணி நேரம் சூடேற்றி, உள்ளே அறுபது காட்டிய பிறகே சக்கரத்தை விட்டாள். பள்ளம் பதினான்கு மில்லிமீட்டர்.

படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதினாள். தேறாதவற்றுக்கு அதில் இன்னொரு கேள்வி உண்டு: திருத்திய கலவை எப்போது வரும்? இந்தப் பொடிக்கே அதைப் பதினொரு தடவை நிரப்பியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி கலக்க உட்கார்ந்துவிடுவான்.

பேனா தன்போக்கில் 'அடுத்த வாரம்' என்று எழுதிவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள். மெல்ல அடித்தாள். பக்கத்தில் 'வராது' என்று எழுதியதும் ஓவென்று அழுதாள்.