ஒற்றைத் தாள்

எட்டு வாடகைக்காரர்களுக்கும் வண்ணப் படங்கள் போட்ட வழவழப்பான புத்தகம் வந்திருந்தது. கமலத்துக்கு மட்டும் ஒரே ஒரு தாள். ஈரக்கை படாமல் முந்தானை நுனியால் அதைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“என் வீடு சின்னது, அதான் தாளும் சின்னதா குடுத்துட்டாங்க போல,” என்று சிரித்தாள். “இங்கிலீஷா இருக்கு மாமி. படிச்சுச் சொல்லுங்க.”

முதல் இரண்டு வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், நாளைக்குக் காலையில் வா என்றேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். “சரி மாமி” என்று தாளை என்னிடமே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கல்கத்தா பவானிபூரில் இந்த வீட்டு மாடியின் இரண்டு அறைகளை என் மாமனார் வாடகைக்கு எடுத்தது அறுபது வருஷத்துக்கு முன்னால். அன்றைய வாடகையை ஏறக்குறைய அப்படியே இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது ப்ரொமோட்டர் ஒருவர் வந்திருக்கிறார். வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டப் போகிறார். வாடகைக்காரர்கள் எட்டுப் பேருக்கும் சொந்தமாக ஆளுக்கொரு ஃப்ளாட். மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர்கள் இருக்கும் அறையில் கமலம் இருப்பது இருபத்தாறு வருஷமாக. அவள் புருஷன் வேதாச்சலம் லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையில் மாவரைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடம் பேசி அந்த அறையை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் என் கணவர்தான். வேதாச்சலம் போன பிறகு அவளே மாவரைத்துத் தெரு முழுக்க விற்கிறாள். புதனும் சனியும் எங்கள் பாத்திரம் நிறைந்து மேலே வந்துவிடும். அவள் விலை சொன்னதில்லை, நாங்கள் கொடுத்ததும் இல்லை. அது அவளுடைய நன்றி என்று இவர் சொல்லுவார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். கமலம் எங்கள் வீட்டு வேலைக்காரி. எங்கள் தயவில் அங்கே தங்க வைக்கப்பட்டவள். கட்டடத்தில் அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு முப்பது நாளில் காலி செய்துவிடுவாள். கீழே அவள் கையெழுத்துக்கு ஓர் இடம், சாட்சிகளுக்கு இரண்டு. முதல் சாட்சியின் இடத்தில் வெங்கடநாராயணன் என்று இவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

எங்கள் வீட்டில் அவள் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

சாயங்காலம் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“கமலத்தோட பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேளே.”

“போடாம? ஒம்போதாவதா ஒருத்தர் சேர்ந்தா, எல்லாரோட பங்குலேர்ந்தும் வெட்டுவான். நமக்கு மூணாவது ரூம் போயிடும். சம்மதமா?”

போன துர்கா பூஜைக்கு எங்கள் பிள்ளை சைதன்யாவும் ரோஹிணியும் பெங்களூரிலிருந்து வந்து ஹோட்டலில் தங்கினார்கள். வராந்தாக் கோடியில் மூன்று குடும்பத்துக்குப் பொதுவான கழிவறை. மருமகளை அங்கே எப்படிப் போகச் சொல்வது? சாப்பிட மட்டும் வந்து போனார்கள். ப்ரொமோட்டர் அனுப்பிய புத்தகத்தில் அந்த மூன்றாவது அறைக்கு நீலத் திரை போட்டிருந்தது. அதை நான் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்திருந்தேன்.

“வீட்டுக்காரர் நம்ம மேல கேஸ் போட்டப்போ கோர்ட்ல நீங்க என்ன சொன்னேள்?” என்றேன். “வெள்ளையடிச்சு, குழாய் மாத்தி, விழாம பாத்துண்டது நாங்க. பத்திரத்துல பேர் இருக்கறவன் மட்டும் சொந்தக்காரனான்னு கேட்டேளே.”

“அது கேஸ். இது வேற.”

“என்ன வேற?”

“நாம படிச்சோம், பரீட்சை எழுதினோம், மாசாமாசம் ரசீது வாங்கினோம். ஓசில இருந்தவாளுக்கெல்லாம் வீடுன்னா அப்பறம் எவன் ஒழைப்பான்? இந்த ஊர் அப்படித்தானே வீணாப்போச்சு!”

“வேதாச்சலமும் விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்துண்டுதானே போனார்?”

“எழுந்துண்டா போறுமா?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “பத்மா, மேல கீழன்னு இருக்கறது நாம பண்ணினது இல்லை. அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. எல்லாரையும் ஒரே படியில நிறுத்தினா எல்லாருமா சேர்ந்து விழவேண்டியதுதான்.”

இவர் கெட்டவர் இல்லை. வேதாச்சலத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு இரவு கூட இருந்தவர் இவர்தான். காலையில் பேப்பர் படிக்கும்போது திறமை, போட்டி என்பார். விளக்கேற்றிய பிறகு விதி, ஒழுங்கு என்பார். இரண்டும் வேறு வேறு என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். வேலை செய்தோம், அதனால் கிடைத்தது. கிடைக்கவேண்டியவர்கள் நாம், அதனாலும் கிடைத்தது. எந்தப் பக்கமாகப் போனாலும் பாதை எங்கள் வாசலில்தான் வந்து முடிகிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீலத் திரை நினைவுக்கு வந்தது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, தலையில் ஈரத் துண்டோடு கமலம் வந்தாள். வழக்கம்போல் நாற்காலியில் உட்காராமல் நிலைப்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், வேதாச்சலத்தின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாவற்றையும் இந்த இடத்தில்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை அன்றைக்கு நான் முழுவதும் படிக்கவில்லை. புண் இருக்கிறது, மருந்து கொடுப்பார்கள் என்றேன். அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். எதைப் படிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பழக்கம் அங்கேதான் வந்திருக்கவேண்டும்.

“இத்தனை வருஷமா நீ இங்க இருக்கேன்னு போட்டிருக்கு,” என்று ஆரம்பித்தேன். “நம்மாத்து மனுஷி மாதிரின்னு எழுதியிருக்கா. இடிக்கும்போது நீயும் காலி பண்ணணும், அதுக்கு ஒரு தொகை தரா.”

“அது சரி. கட்டி முடிச்சப்புறம்?”

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“எனக்கு இடம் இருக்கா மாமி?”

உள்ளே இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“அவா பார்த்துப்பான்னு போட்டிருக்கு,” என்றேன்.

கமலம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு கணம் பட்டது. தெரிந்திருக்கக்கூடாதே என்று மறுகணம். தெரிந்து அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் பேனாவுக்குக் கையை நீட்டினாள். “நீங்க படிச்சாச் சரி. எங்க போடணும்?” நான் விரலை வைத்துக் காட்டினேன். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, கோட்டைத் தாண்டாமல் எழுதினாள். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தாள். இரண்டாவது சாட்சியின் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கீழ்த்தளத்தை அளக்க ப்ரொமோட்டரின் ஆள் வந்தான். மாடிப்படியில் நின்ற என்னைப் பார்த்து, “பாலோ ஆச்சென், மாஷிமா?” என்று தலை குனிந்து மரியாதையாக நலம் விசாரித்தான். கமலத்திடம் திரும்பி, “மாஷி, எட்டா தோரோ”, இதைப் பிடி என்று அளவு டேப்பின் முனையைக் கையில் திணித்தான். டேப் பிடிக்க அவன் கூட்டி வந்த பையன் வெளியே போயிருந்தான் போலும்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். டேப் தொய்ந்தபோது அவளே இழுத்து நேராக்கினாள். அவன் எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான். நீளம் முடிந்து அகலம். அகலம் முடிந்ததும் அவன் டேப்பைச் சுருட்டப் போனான். அவள் விடவில்லை. மீட்டர்ப் பலகைக்குப் பின்னால் இன்னும் ஒரு சாண் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள் என்று வங்காள மொழியில் சொன்னாள். அவன் சரி சரி என்றான். பென்சிலைக் காதில் செருகிவிட்டிருந்தான்.

கமலம் கன்னத்தைச் சுவரில் பதித்து, பலகையின் இடுக்கில் தோள்வரை கையை நுழைத்து, எட்டிய மட்டும் எட்டி, அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.